குமண போக ஜீப் பேசும் ஆட்கள் இதை ஒருதரம் வாசியுங்கள்

எங்கள் அம்மாவுக்கு 71 வயது. கல்யாணத்துக்கு முந்தி, ஊர் ஆட்களோடு ஒருமுறை கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடந்து போனவர். உகந்தைக் கோயிலில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, அதற்கு அப்பால், இலங்கையின் தென்கிழக்கில் தேசியப் பூங்காவாக இருக்கும் குமண காட்டுக்குள் இறங்கி, குமுக்கன் ஆற்றங்கரையில் இரவு தங்கிய கதையை எங்களுக்குச் சோறு தீத்தும்போதெல்லாம் சொல்லுவார். அந்த ஆற்றை இன்னொருதரம் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதனால்தான் போன வைகாசியில், கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்த நேரம், எட்டுப் பேராகக் கிளம்பினோம்.

தெரிந்த ஒருவர் தந்த நம்பரை வைத்து அறுகம்பேயில் ஒரு புரோக்கரோடு போனில் பேசினேன். காலை 6 மணியிலிருந்து 12 வரை, குமண வில்லு (பறவைகள் கூடும் சதுப்பு ஏரி), குமுக்கன் ஆறு, சஃபாரி ஜீப், ட்ராக்கர் (காட்டுக்குள் கூட வரும் பூங்கா வழிகாட்டி), எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் என்றார். 5,000 அட்வான்ஸ் வங்கியில் போட்டேன். பேசியது எதையும் எழுத்தில் கேட்கவில்லை. அது என் பிழை.

"வேனை இங்க விட்டுட்டு வாங்க அண்ணன். பாணமைக்கு அங்கால வேன் போகேலா, புதைஞ்சிரும்" என்றார். பாணமை, உகந்தைக்குப் போகும் வழியில் கடைசி ஊர். நான் ஆடி உற்சவத்துக்கு உகந்தைக்கு பஸ்ஸிலேயே போய் வந்தவன். கிறவல் பாதைதான், குலுக்கும், ஆனால் மழையில்லாத காலத்தில் வேன் கோயிலடிக்கே போகும். பூங்காவின் டிக்கெட் கவுண்டரும் அங்கேதான் இருக்கிறது. ஜீப் தேவைப்படுவது அதற்கு அப்பால், காட்டுக்குள். இது தெரிந்திருந்தும், காட்டில் ஓடுகிற மனிதன் சொல்கிறானே என்று நம்பினேன். வேனை விட்டுவிட்டால் திரும்பி வர அவனுடைய வண்டியை விட்டால் வேறு வழியில்லை. அதற்காகத்தான் அந்தப் பொய்.

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து 110 கிலோமீற்றர் அளவில் ஓடி, விடிய நாலரைக்கு அறுகம்பேயில் நின்றோம். வந்தது ஜீப் இல்லை, பழைய கெப் ஒன்று. பின்னால் இரண்டு பக்கமும் பலகை வாங்கு, மேலே தார்ப்பாய். ஏறுவதற்குப் படி கிடையாது. டிரைவர் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து வைத்தார். அம்மா அதில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏறேலா மகன்" என்று என்னைப் பார்த்தார். நானும் அத்தானும் தூக்கித்தான் ஏற்றினோம். அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். பிள்ளைகள் ஆசையோடு நிற்கிறார்கள், அட்வான்ஸும் போய்விட்டது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

உகந்தையில் டிரைவர், "நீங்க இறங்க வேணாம், சனமா இருக்கு, நான் டிக்கெட் எடுத்துட்டு வாறேன்" என்றார். டிக்கெட்டும் சேர்த்துத்தானே 24,000 என்று கேட்டால், அது வண்டிக்கு மட்டும்தானாம். அக்கா, அத்தான், அவர்களின் மகள் மூவரிடமும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. வெளிநாட்டவருக்கு டொலர் கணக்கில் கட்டணம் என்பது உண்மைதான், அதில் எங்களுக்குக் குறையில்லை. அந்தக் கணக்கிலேயே காசைக் கொடுத்தோம். பற்றுச்சீட்டைக் கேட்டேன், "பிறகு தாறன்" என்றார். ட்ராக்கர் எங்கே என்றேன், இன்றைக்கு ஆள் இல்லை என்றார். கவுண்டர் இருபது அடி தூரத்தில் இருந்தது. நானே இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம்.

வில்லுக்குப் போகும்போது நல்ல வெளிச்சம். கண்டல் மரங்கள் முழுக்க நாரையும் கொக்கும் கூடு கட்டியிருந்தன. கூழைக்கடாக்கள் தண்ணீரில் வரிசையாகப் போயின. வைகாசி, ஆனியில்தான் இந்தக் காட்சி. எங்கள் பிள்ளைகள் தார்ப்பாயை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், அவ்வளவு தாழ்வாக இருந்தது அது. பக்கத்தில் இன்னொரு ஜீப்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, தன்னோடு வந்த வயதான தம்பதிக்கு ஒவ்வொரு கூட்டையும் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல ஓட்டுநர்கள் அங்கே இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆள் எஞ்சினை நிறுத்தவேயில்லை. ஐந்து நிமிடத்தில் வண்டியைத் திருப்பிவிட்டார்.

சிறிது தூரம் வந்து ஒரு நீர்க்கரையில் நிறுத்தி, "இதுதான் ஐயா குமுக்கன்" என்றார். அம்மா தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இது குளம் மகன். தண்ணி ஓடல்ல. குமுக்கன்ல கரை நெடுக மருத மரம் நிக்கும், வேரில இருந்துதான் நாங்க சோறு திண்ட."

குமுக்கன் ஆறு பூங்காவின் தெற்கு எல்லை. வில்லுக்குத் தண்ணீர் வருவதும் அந்த ஆற்றிலிருந்துதான். வில்லைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தை, திரும்பி வரும் வழியில் காட்டுகிறார் அந்த மனிதர். கேட்டதற்கு, அங்கே பாதை சரியில்லை, டீசலும் காணாது என்றார். ஒன்பதரைக்கெல்லாம் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டோம்.

பாணமைப் பாதையில் வண்டியை ஓரம் கட்டி, டீசலுக்கு இன்னும் 6,000 வேண்டும் என்றார். பெண்களும் பிள்ளைகளும் இருக்கிற இடத்தில் சண்டை பிடிக்க மனம் வரவில்லை, கொடுத்தேன். அப்போது நான் முன் சீட்டில் இருந்தேன். டாஷ்போர்ட்டில் மடித்துச் செருகியிருந்தது எங்கள் பற்றுச்சீட்டு. பெரியவர் 5, சிறுவர் 3, எட்டுப் பேரும் உள்நாட்டவர் என்று இருந்தது. அக்கா குடும்பத்தின் டொலர் காசு அவருடைய சட்டைப்பைக்குள் போயிருக்கிறது. காட்டுக்குள் யாராவது மறித்துச் சீட்டைப் பார்த்திருந்தால் தலைகுனிந்து நிற்பது அத்தானும் அக்காவும்தான். எனக்கு 6,000 ரூபாயை விட இதுதான் இன்றுவரை ஆறவில்லை. சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். வண்டி இலக்கத்தோடு சேர்த்து முறைப்பாடும் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் போவதென்றால் வண்டியின் படத்தை முதலே வாட்ஸ்அப்பில் கேளுங்கள். சீட் முன்பக்கம் பார்த்தபடி, உயரமாக இருக்கிறதா, ஏறப் படி இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை மணிவரை, எந்த இடம்வரை, டீசல் யாருடையது, டிக்கெட் சேர்த்தா இல்லையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். டிக்கெட்டை நீங்களே கவுண்டரில் எடுங்கள். ஆள் கட்டணம், வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் அந்தச் சீட்டில் தனித்தனியாக இருக்கும். ட்ராக்கரையும் அங்கேயே கேளுங்கள். மழையில்லாத நாளென்றால் உங்கள் வேனை உகந்தைவரை கொண்டுபோங்கள்.

பாணமையிலோ பொத்துவிலிலோ நேர்மையாக ஓடுகிற ஜீப்காரரோடு போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு இன்னொருதரம் போக வேண்டும். ஏற ஒரு படி வேண்டும், குமுக்கன்வரை போக வேண்டும், அந்த மருத மரத்தடியில் அரைமணித்தியாலம் நிறுத்த வேண்டும்.