பாட்டு எங்களுடையது, ஆனால் வெளியானது ஸ்டுடியோக்காரர் பெயரில்

கோத்தகிரியில் நாங்கள் நாலு பேர் ஆறு வருஷமாக ராக் வாசிக்கிறோம். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத கதையை வைத்து ஒரு பாட்டு போட்டு, ஊர்த் திருவிழாவிலும் ஊட்டியில் ஒரு கல்லூரி மேடையிலும் வாசித்தோம், கூட்டம் கூடவே பாட ஆரம்பித்த பிறகுதான் இதை சிங்கிளாக வெளியிடலாம் என்ற தைரியம் வந்தது. டிரம்ஸ் பதிவு செய்ய வசதியான அறை மேலே எங்களுக்கு அமையவில்லை. கோயம்புத்தூரில் ஒரு ஸ்டுடியோவைப் பிடித்தோம். பெயரைச் சொல்லவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன், நமக்குப் பின்னால் மலையிறங்கிப் போகிற பசங்களுக்காக.

ரெக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங், ரிலீஸ் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய். எங்கள் டிரம்மர் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர், ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே சிம்பல்களைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினார். இரண்டு நாள் பதிவு நன்றாகவே போனது, அதை மறைக்க மாட்டேன், ஸ்டுடியோக்காரருக்குத் தொழில் தெரியும். அந்தச் சந்தோஷத்தில் முழுப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்தோம், ஒரு காகிதம்கூட எழுதிக்கொள்ளவில்லை.

அப்புறம் இரண்டு மாசம் போனை எடுக்கவில்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு எம்பி3 வந்தது. தரம் குறையாத முழுப் பதிவான வேவ் ஃபைல் வேண்டும், ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனியாக இருக்கிற டிராக்குகளும் வேண்டும் என்று கேட்டால், "அதுக்குத் தனியா 15,000 ஆகும் தம்பி" என்றார்.

சரி, பாட்டாவது வெளியே வரட்டும் என்று பேசாமல் இருந்தோம். வந்தது, அவருடைய லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனத்தின் பெயரில். தோட்டத்தில் மழையில் நனைந்து எடுத்த வீடியோவை எங்கள் யூடியூப் சேனலில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே காப்பிரைட் கிளெய்ம் விழுந்தது. எங்கள் பாட்டுக்கு எங்கள் மேலேயே கிளெய்ம்! பாட்டு யாருடையது என்று யூடியூப் தானாகக் கண்டுபிடிக்கிற கண்டென்ட் ஐடியில் பாட்டைத் தன்னுடையதாகப் பதிந்து வைத்திருக்கிறார், அதில் விளம்பரப் பணம் வந்தால் அவருக்குத்தான் போகும். ஒவ்வொரு பாட்டுப் பதிவுக்கும் தனியாகக் கிடைக்கிற ஐஎஸ்ஆர்சி என்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்க அடையாளமும் அவர் கணக்கு வழியாகவே வாங்கியது. வேறு எண்ணில் மறுபடி ஏற்றினால், ஸ்பாட்டிஃபையில் இதுவரை கேட்டவர்கள் கணக்கு புதிய பதிவுக்கு வராது.

தெரிந்த வக்கீல் அண்ணன் ஒருவரிடம் போனோம். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பது எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்றார். வரிகளும் மெட்டும் எங்களுடையவை, நாங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அதைச் சொல்லி கிளெய்மை எதிர்த்து எழுதினோம். பதில் சொல்ல ஸ்டுடியோக்காரருக்கு 30 நாள் டைம், அவர் வாயே திறக்கவில்லை, கிளெய்ம் தானாக விலகியது. ஆனால் ஸ்பாட்டிஃபையில் இன்றைக்கும் அவர் லேபிள் பெயர்தான் நிற்கிறது, டிராக்குகள் அவர் கம்ப்யூட்டரில்தான் கிடக்கின்றன. அந்த இரண்டு நாளில் எங்கள் டிரம்மர் தூங்காமல் வாசித்த வாசிப்பு அது, நினைத்தால் வயிறு எரிகிறது.

ரிலீஸையும் ஸ்டுடியோவிடமே விடாதீர்கள். பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்களுக்கு அனுப்பி வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கைப் பேண்டில் ஒருவர் பெயரில் நீங்களே தொடங்கலாம், மொபைலிலேயே முடிகிற வேலை. பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, டிராக்குகள் உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு வந்து, திறந்து கேட்டுப் பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள். ஏற்கெனவே எங்காவது முழுசாகக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்றால், நாளை என்று தள்ளாமல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேரில் போய் உட்காருங்கள், போனில் கேட்டால் எங்களுக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும்.