பழைய காருக்கு சிந்தெடிக் ஆயிலா, மினரல் ஆயிலா: நீண்ட ஓட்டத்தில் தெரிவது என்ன?

சிந்தெடிக், அதாவது ரசாயன முறையில் உருவாக்கிய இன்ஜின் ஆயிலை ஊற்றிய மறுநாளே இன்ஜின் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். எந்தப் புது ஆயில் ஊற்றினாலும் முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். நாள்பட்ட ஆயிலில் கரியும் பெட்ரோலும் கலந்து தரம் கெட்டிருக்கும். அதை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினால் மினரலிலும் வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் அடங்கும். வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பது 3,000, 4,000 கி.மீ.க்கு மேல்தான். மினரல் ஆயிலில் காலை ஸ்டார்ட்டிங்கில் கடகடப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். நல்ல சிந்தெடிக் அந்த இடத்திலும் முதல் மாதம் போலவே இருக்கும்.

காரணம் எளிது. மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. அதில் சிறிதும் பெரிதுமாக எல்லா அளவு மூலக்கூறுகளும் உண்டு. சிறியவை சூட்டில் ஆவியாகிப் போகும், மீதி கெட்டிப்படும். சிந்தெடிக்கில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் ஆவியாவதும் குறைவு, சூட்டைத் தாங்குவதும் அதிகம். டர்போ (இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள பழைய கார் என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், சிந்தெடிக்தான். சூடான டர்போவை நிறுத்தியவுடன் உள்ளே தேங்கும் ஆயில் கரியாவது மினரலில் சீக்கிரம் நடக்கும்.

டர்போ இல்லாத, ஒரு லட்சம் கி.மீ. தாண்டிய பெட்ரோல் இன்ஜினில்தான் கேள்வியே வருகிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது டப்பாவை அல்ல, இன்ஜினை.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தேன் நிறத்தில் மெல்லிய படலம் மட்டும் இருந்தால் இன்ஜின் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது என்று அர்த்தம். கறுப்பாக, விரலால் வழித்தால் கிரீஸ் போல அப்பிக்கொண்டு வந்தால் அது கசடு. இந்த இன்ஜினில் ஒரேயடியாக சிந்தெடிக்குக்குத் தாவி 10,000 கி.மீ. ஓட்டுவது ஆபத்து. அதிலுள்ள டிடர்ஜென்ட் கசடைக் கரைக்கும். கரைந்ததெல்லாம் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அடையும். அடுத்தது ஆயில் பிரஷர் குறைந்து எச்சரிக்கை விளக்கு எரியும். கசடைக் கரைக்கும் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றி ஒரே நாளில் சுத்தம் செய்கிறேன் என்பதும் இதே வில்லங்கம்தான், இன்னும் வேகமாக நடக்கும். மினரலையோ, இரண்டும் கலந்த செமி சிந்தெடிக்கையோ ஊற்றி, 2,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரோடு இரண்டு மூன்று தடவை மாற்றிவிட்டு, பிறகு சிந்தெடிக்குக்குப் போவதுதான் சரி.

இரண்டாவது, ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்பது. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை ஊற்றுங்கள். 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு அதே இடத்தில் அதே மாதிரி அளந்து, மேல்கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி தேவைப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர். 300 மில்லிக்குள் என்றால் சிந்தெடிக்குக்குத் தகுதியான இன்ஜின். ஒரு லிட்டரைத் தொட்டால் விலையுயர்ந்த ஆயிலைச் சைலன்சர் வழியாக ஊதித் தள்ளுகிறீர்கள், மினரலே போதும். ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் கோளாறு வால்வ் சீலில், அதாவது வால்வ் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையத்தில். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கில். இரண்டையும் ஆயில் பிராண்டை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

சிந்தெடிக் ஊற்றினால் லீக் ஆகும் என்ற பேச்சில் பாதி உண்மை. ஆயில் புதிதாக ஓட்டை போடுவதில்லை. ஏற்கெனவே இறுகி வெடித்த சீலை அடைத்திருந்த கசடை அது கழுவிவிடுகிறது, அவ்வளவுதான். கசிவு கண்டவுடன் சீலைக் குறை சொல்வதற்கு முன் பிசிவி வால்வை (இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் சிறு வால்வ்) கழற்றிக் குலுக்குங்கள். குண்டு வகை வால்வ் என்றால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். அடைத்திருந்தால் கிராங்க்கேஸில் காற்றழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும். மலிவான இந்த ஒரு உதிரிபாகத்தைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரித்தவர்கள் ஏராளம்.

பெரும்பாலான புகார்களுக்கு உண்மையான காரணம் வகை அல்ல, கிரேடு, அதாவது ஆயிலின் பாகுநிலையைக் (கெட்டித்தன்மையை) குறிக்கும் எண். டபிள்யூவுக்கு முன்னுள்ளது குளிருக்கு, பின்னுள்ளது சூட்டுக்கு. கையேட்டில் 10டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 என்றிருக்கும் காருக்கு, சிந்தெடிக் என்று கேட்டு 5டபிள்யூ-30 வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். 100 டிகிரி சூட்டில் 30 கிரேடின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 கிரேடுக்கு 12.5 முதல் 16.3 வரை. தேய்ந்த பேரிங்கில் பாகுநிலையின் இந்த வித்தியாசம் பெரிது. நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் பிரஷர் விளக்கு மினுக்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 10டபிள்யூ-40 மினரலுக்குப் பதில் 5டபிள்யூ-40 சிந்தெடிக் போடலாம். சூட்டில் இரண்டும் ஒரே வரம்பு, குளிரில் பின்னது சீக்கிரம் இன்ஜினின் மேல்பகுதிக்கு ஏறும்.

கார்புரேட்டர் காலத்து, வால்வைத் திறக்கும் கேம் நேரடியாகத் தட்டை டேப்பட்டில் உரசும் இன்ஜின்களுக்கு இன்னொரு சிக்கல். 2004-இல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ எஸ்எம் தரத்திலிருந்து, 30 கிரேடும் அதற்குக் கீழும் உள்ள பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸ் 600 முதல் 800 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) இருக்க வேண்டும். கேமைத் தேய்மானத்திலிருந்து காக்கும் துத்தநாகச் சேர்மத்திலிருந்து வருவதுதான் அந்தப் பாஸ்பரஸ். ஆகவே இவற்றுக்கு மெல்லிய நவீன சிந்தெடிக்கைவிட, துத்தநாகம் கூடுதலாக உள்ள 20டபிள்யூ-50 மினரல் மேல்.

மாற்றும் இடைவெளியில் பேராசை வேண்டாம். புது காரில் சிந்தெடிக் 10,000, 15,000 போகலாம். தேய்ந்த ரிங் வழியாகக் கரியும் பெட்ரோலும் இறங்கிக்கொண்டே இருக்கும் பழைய இன்ஜினில் 7,500 அல்லது ஒரு வருடம், எது முந்தியதோ அது. மினரலுக்கு 5,000 அல்லது ஆறு மாதம். நிறம் கறுத்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள், டிடர்ஜென்ட் வேலை செய்தாலும் கறுக்கத்தான் செய்யும்.

மாற்றும்போது இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கை சுடாத சூட்டில் இறக்குங்கள். ஆயிலை இறக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியதை முறுக்கினால் சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் தரையில். புது வளையத்தில் ஆயில் தடவி, அது படிந்ததிலிருந்து கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் தேவையில்லை.

சிந்தெடிக்குக்கு மாறிய பிறகு 200, 500, 1,000 கி.மீ.யில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே சொட்டு விழுந்தால் கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க மெயின் சீலாக இருக்கலாம். மினரலுக்குத் திரும்பினால் சொட்டு குறையலாம், நிற்பது அபூர்வம். அந்த சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், அதனால் கிளட்ச் பிளேட்டையும் அந்த வேலையோடு சேர்த்தே பார்த்துவிடுங்கள்.