கம்பியைச் சுரண்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் நெடும்பயணத்துக்காக வண்டியைத் தயார்செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். இரண்டாவது பேட்டரி, பன்னிரண்டு வோல்ட் ஃப்ரிட்ஜ், விளக்குகள், கூரை கேரியர் எல்லாம் பொருத்தித் தருவதாகச் சொல்லி எங்களிடம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு, தரைவிரிப்புக்கு அடியில் குப்பையை வைத்து மூடிக் கொடுத்திருக்கிறார்கள். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு இமாச்சலப் பிரதேசத்தின் கின்னோர் வழியாக ஸ்பிட்டி போவதாகத் திட்டம். தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தால் கர்னூல், ஹைதராபாத், நாக்பூர் என்று வடக்கே ஏறிவிடலாம். மே மாதத்தில் அந்த வழியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். என் மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜ் எதற்காக என்று கடைக்காரரிடம் முதல் பேச்சிலேயே சொன்னோம். அவரும் தமிழர்தான். "கவலையே வேண்டாம் அண்ணா, அம்மாவின் மருந்துக்கு நான் பொறுப்பு" என்றார். அந்தப் பேச்சை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. விவரம் தெரிந்தே செய்திருக்கிறார்.

பில்லில் எழுதியிருந்தவை: 100 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, டிசி-டிசி சார்ஜர் (வண்டி ஓடும்போது இரண்டாவது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கருவி), சுத்தமான செம்புக் கம்பி, ஃபியூஸ் பெட்டி, கூலி.

கிளம்புவதற்கு முன் ஃப்ரிட்ஜை வீட்டு மின்சாரத்தில் ஓடவிட்டுக் குளிர வைப்பது எல்லோருக்கும் வழக்கம். அதனால் வீட்டிலிருக்கும்வரை குறை எதுவும் வெளியே தெரியாது. முதல் இரவு கர்னூலுக்கு முன்பாக ஒரு தாபாவின் பின்புறத்தில் அனுமதி கேட்டுத் தங்கினோம். காலையில் பார்த்தால் ஃப்ரிட்ஜ் அணைந்திருந்தது. வண்டியை ஓட்டினால் பேட்டரி ஏறிவிடும் என்று கிளம்பினோம். கர்னூலை நெருங்கும்போது பின்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

கர்னூலில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் தரைவிரிப்பைக் கிளப்பிப் பார்த்தார். இரண்டு கம்பிகளை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்த இடத்தில், டேப் உருகித் தகரத்தோடு ஒட்டியிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கம்பியில் ஒரு துண்டை வெட்டினார். மேல் உறையை உரித்து, ஓர் இழையைத் தனியே பிரித்து, பிளேடால் சுரண்டினார். செம்பு நிறம் தூளாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு. பிறகு பேட்டரி முனையிலிருந்து கம்பி போன வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போய், "ஃபியூஸ் எங்கே?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை. பில்லில் எழுதிய ஃபியூஸ் பெட்டி இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு கம்பிகூடப் போகவில்லை. உருகிய இடத்துக்கு நேர் மேலே குழந்தைகளின் படுக்கை. அதற்குப் பக்கத்தில் எரிவாயு அடுப்பும் சிலிண்டரும்.

காரணம் இதுதான். செம்புப் பூச்சுள்ள அலுமினியம், செம்பு கடத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் கடத்தும். அதையும் மெல்லியதாகப் போட்டிருந்தார்கள். டிசி-டிசி சார்ஜர் இருந்தால் இவ்வளவு ஆம்பியர்தான் என்று கட்டுப்படுத்தி ஏற்றும். அதற்குப் பதிலாகச் சில நூறு ரூபாய் ரிலே ஒன்றை, அதாவது வெறும் தானியங்கி சுவிட்சை, வைத்திருந்தார்கள். காலியான லித்தியம் பேட்டரி, தடுக்க ஆளில்லாமல் ஆல்டர்னேட்டரிலிருந்து (என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) கிடைத்ததையெல்லாம் இழுத்தது; மெல்லிய கம்பி சூடேறி உருகியது. இரவில் ஃப்ரிட்ஜ் அணைந்ததற்கும் இந்தக் கம்பிக்குப் பங்கு உண்டு. கம்ப்ரஸர் கிளம்பும்போது வோல்டேஜ் கம்பியிலேயே விழுந்துவிடுகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஃப்ரிட்ஜ் தன்னை நிறுத்திக்கொள்கிறது.

பேட்டரியும் பொய்தான். வீடு திரும்பியதும் எடைபோட்டேன்: ஆறரை கிலோ. 100 ஆம்பியர் அவர் கொள்ளளவுக்கு 3.2 வோல்ட் செல்கள் நான்கு வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ அளவில் இருக்கும். பெட்டியோடு சேர்த்தால் பொதுவாகப் பத்துக் கிலோ அளவில் வரும். வாங்கும்போது பெட்டி மருத்துவப் பெட்டிபோல இலேசாக இருந்தால், மேலே ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். இன்னொரு சோதனையும் உண்டு. முழுக்கச் சார்ஜ் செய்து, 60 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஏறக்குறைய ஐந்து ஆம்பியர் எடுக்கும். உண்மையான 100 ஆம்பியர் அவர் பேட்டரி இருபது மணி நேரம் தாங்க வேண்டும். எங்களுடையது எட்டு மணி நேரம்கூட எரியவில்லை.

கர்னூலில் மருந்துக்கடையில் புது இன்சுலின் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டியை நேராகப் படாமல் துணி சுற்றி வைத்து (இன்சுலின் உறைந்தாலும் வீண்தான்) திரும்பி வந்தோம். இட்லி மாவு பொங்கி வழிந்திருந்தது. மசாலா தடவிய மீனை அப்படியே தூக்கிப்போட்டோம். வழிநெடுகச் சாப்பாடு போட்டது என் மனைவி கையோடு எடுத்துவந்த புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வறுத்த ரவையும்தான். எவ்வளவு நல்ல ஃப்ரிட்ஜ் வைத்திருந்தாலும், முதல் சில நாள் சாப்பாட்டையாவது குளிர் தேவைப்படாததாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போனால் பதில் தயாராக இருந்தது: "வெளியாள் பிரித்துவிட்டார் அண்ணா, வாரண்டி போய்விட்டது." எரிந்த கம்பியைக் காட்டினேன். "அது செம்புதான், தூசி படிந்து வெள்ளையாகிவிட்டது" என்றார். பில்லிலிருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தபோது அந்தப் பதிவு எப்போதோ ரத்தாகியிருந்தது. கர்நாடகப் பதிவு என்றால் பதினைந்து இலக்க எண்ணின் முதல் இரண்டு 29 என்று இருக்கும். ஆனால் அது இருந்தால் மட்டும் போதாது, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

அதே கடையில் வாங்கிய ஷாக்கிளில் (சிக்கிய வண்டியை இழுக்கக் கயிற்றை மாட்டும் இரும்புக் கொண்டி) தாங்கும் எடை எதுவும் பொறிக்கப்படவில்லை. முக்கால் அங்குல ஷாக்கிள் தரமானதாக இருந்தால் 4.75 டன் என்று இரும்பிலேயே அச்சு இருக்கும். கூரை கேரியர் "எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும்" என்றார்கள். வண்டியின் கையேட்டில் கூரை எடைக்கு வரம்பு போட்டிருக்கிறது. அதைத்தான் கேட்க வேண்டும், கடைக்காரரை அல்ல. கூடுதலாகப் பொருத்தும் மின்சாதனங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காத வயரிங்கால் வண்டி எரிந்தால் இழப்பீட்டை மறுக்க அது ஒரு காரணமாகிவிடும்.

வேலைக்கு விடும்போது மூன்று நிபந்தனைகளை எழுதி வாங்குங்கள். கம்பியைப் போடுவதற்கு முன் ஒரு துண்டை உங்கள் கண்ணெதிரே வெட்டிச் சுரண்டிக் காட்ட வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். தரைவிரிப்பை மூடுவதற்கு முன் முழு வயரிங்கையும் நீங்கள் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு முகம் சுளிக்கிற கடையில் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். உருகிய கம்பி, டேப், ரிலே, பேட்டரி எதையும் தூக்கி எறியாதீர்கள். கழற்றியவரிடம் என்ன பார்த்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கர்னூல் பெரியவர் தெலுங்கில் எழுதிக் கொடுத்த தாளையும் எங்கள் மனுவோடு இணைத்திருக்கிறோம்.