மூன்றடி கடப்பாக்கல் கப்போர்டு: தொங்கவிடுவதா, அடுக்குவதா, நிறுத்திவைப்பதா?

சென்னையில் வாடகைக்குக் கிடைக்கும் பழைய அடுக்குமாடி வீடுகளில் படுக்கையறைக் கப்போர்டு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சுவரில் விட்ட மாடம், குறுக்கே பதித்த கடப்பாக்கல், முன்னால் இரண்டு ஷட்டர். எங்கள் வீட்டில் இருப்பது 3 அடி அகலம், 18 அங்குல ஆழம், 7 அடி உயரம். நான்கு கல், ஐந்து தட்டு. ஒரு தட்டுக்கு 16 அங்குல உயரம் கிடைக்கிறது. கணவர், நான், எட்டு வயது மகள், மூன்று பேர் துணியும் இதற்குள்தான். கல்லைப் பெயர்க்க முடியாது, டிரில் போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் எது சரிவரும் என்று ஆறு வருடமாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன்.

முதலில் தொங்கவிடுவது. சில வீடுகளில் ஒரு பக்கம் கல் பதிக்காமல் ராடு மாட்டியிருப்பார்கள், நாங்கள் முன்பு இருந்த வீடு அப்படித்தான். பார்க்க அழகு, எடுக்கச் சுலபம். ஆனால் இடக் கணக்கைப் பாருங்கள். மூன்றடி ராடில் சாதாரண பிளாஸ்டிக் ஹேங்கர் என்றால் 24 சட்டை, மெல்லிய வெல்வெட் ஹேங்கர் என்றால் ஏறத்தாழ 35. சட்டை தரையில் படாமல் தொங்க 40 அங்குல உயரம் வேண்டும். அதே 40 அங்குலத்தில் கல் இருந்து மடித்து அடுக்கினால், தட்டுக்கு 30 என்று வைத்தாலும் 75 சட்டை போகும். ஹேங்கரின் அகலமே 17 அங்குலம் என்பதால் 18 அங்குல ஆழத்தில் சட்டைக் கை ஒரு பக்கம் ஷட்டரிலும் மறுபக்கம் சுண்ணாம்புச் சுவரிலும் உரசும். என் கணவரின் அடர்நிறச் சட்டைகளில் எல்லாம் தோளில் வெள்ளைத் தடம் விழுந்தது அங்கேதான்.

அதனால் தொங்கவிடுவது தேவை உள்ளதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். அந்த வாரம் போடப்போகும் இஸ்திரிச் சட்டை ஐந்து, கஞ்சி போட்ட காட்டன் புடவை இரண்டு. அறைக் கதவின் மேல் விளிம்பில் மாட்டும் கொக்கி போதும்.

அடுத்தது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள முறை: மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. செலவே இல்லை, நிறையவும் கொள்ளும். ஆனால் அடியில் உள்ள துணி நம் கண்ணிலிருந்து போய்விடுகிறது. மேலே உள்ள நான்கையே துவைத்துத் துவைத்துப் போடுகிறோம். அடியிலிருந்து ஒன்றை உருவினால் மொத்தமும் சரிகிறது. என் முதல் பிரசவத்துக்கு அம்மா மதுரையிலிருந்து எடுத்து வந்த சுங்குடிப் புடவை, குளியலறைச் சுவரை ஒட்டிய அடுக்கின் அடியில் கிடந்தது. ஒரு நவம்பர் மழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் ஓரம் முழுக்கப் பூசணம். எவ்வளவு வெயிலில் போட்டும் அந்தப் பழுப்புப் புள்ளிகள் போகவில்லை. அன்றைக்கு மனது மிகவும் கஷ்டப்பட்டது. அடுக்கும் முறையை நான் விட்டது அந்தப் புடவையால்தான்.

மூன்றாவது, துணியைச் சின்னச் செவ்வகமாக மடித்து, நூலகத்தில் புத்தகம் நிற்பதுபோல் கூடைக்குள் நிறுத்திவைப்பது. எல்லாத் துணியின் விளிம்பும் மேலிருந்தே தெரியும். ஒன்றை எடுத்தால் பக்கத்தில் உள்ளது அசையாது. நான் வாங்கியவை 11 அங்குல அகலம், 16 அங்குல நீளம், 6 அங்குல உயரமுள்ள ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடைகள். ஒரு தட்டில் மூன்று நிற்கும். கூடையையே முன்னால் இழுத்தால் பின்பகுதியில் உள்ளதும் கைக்கு வந்துவிடும், அதாவது இழுப்பறை இல்லாமலே இழுப்பறை.

ஆனால் இதில் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. கூடைக்குப் பத்துப் பன்னிரண்டு டி-ஷர்ட்தான் பிடிக்கும். மூன்று கூடைக்கு முப்பத்தைந்து. அடுக்கினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆக இடம் மிச்சமாகவில்லை. கூடைக்கு மேலே கல் வரைக்கும் உள்ள காற்றுதான் வீணாகிறது. அதைப் பிடிக்க, சமையலறைத் தட்டில் பாத்திரத்துக்காக வைக்கும் நான்குகால் கம்பி ஸ்டாண்டை வாங்கி உள்ளே வைத்தேன். 8 அங்குல உயரம். அதற்குக் கீழே மூன்று கூடை, மேலே மூன்று. இப்போது அதே தட்டில் அறுபதுக்கு மேல் துணி நிற்கிறது. கல்லை நகர்த்த முடியாத வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்த ஸ்டாண்டுதான்.

நிறுத்திவைப்பது எல்லாத் துணிக்கும் ஆகாது. டி-ஷர்ட், நைட்டி, உள்பாவாடை, லெக்கின்ஸ், குழந்தைத் துணி, துண்டு நன்றாக நிற்கும். ரேயான், சாட்டின் வழுக்கிச் சரியும். கஞ்சித் துணி மடிப்பில் உடைந்ததுபோல் ஆகிவிடும்.

சொந்த வீடு என்றால் தச்சரை வைத்து டெலஸ்கோபிக் சேனலில் (இழுத்தால் நீண்டு வரும் இரும்புத் தடம்) கம்பிக் கூடை போடலாம். இழுக்க சுகமாக இருக்கும், ஆனால் சேனலுக்கென்று இரு பக்கமும் இடம் போகும். வாடகை வீட்டுக்கு அது பேச்சே இல்லை.

பட்டுப் புடவைக்கு மேலே சொன்ன மூன்றும் ஒத்துவராது. தொங்கவிட்டால் ஜரிகையின் கனம் துணியை இழுக்கும். உயரமாக அடுக்கினால் அடியில் உள்ளது அழுந்தி ஜரிகை மடிப்பிலேயே ஒடியும். நிறுத்தினால் நிற்காது. கடையில் விற்கும் ஜன்னல் வைத்த ஜிப் கவர் வசதிதான், எது எங்கே என்று தெரியும். ஆனால் பிளாஸ்டிக்குக்குள் ஈரம் சிக்கினால் ஜரிகை கறுக்கும். பழைய மல் வேட்டியில் சுற்றி, மூன்று நான்கு புடவையாகப் படுக்கவைப்பதையே நான் சிபாரிசு செய்வேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது, துணிப் பையில் முடிந்த வசம்பு போதும்.

அப்புறம் மேல்தட்டு. ரஜாய், விருந்தாளிக்கான போர்வை, ஸ்வெட்டர். காற்றை உறிஞ்சி மூடும் வேக்குவம் பையா, பழைய சூட்கேஸா? ரஜாயும் ஸ்வெட்டரும் பையில் பாதிக்கும் கீழே சுருங்குகின்றன, இதில் சந்தேகமில்லை. ஆனால் எடை குறையாது, வழவழப்பான பை பரணிலிருந்து சறுக்கும், சின்ன ஓட்டை விழுந்தாலும் மறுபடி உப்பிவிடும். இலவம்பஞ்சுத் தலையணையை அதில் போடாதீர்கள், அழுந்தினால் கட்டிதட்டிப் போகும். நான் இரண்டையும் சேர்த்துவிட்டேன்: சுருங்கிய பையைச் சூட்கேஸுக்குள் வைத்துப் பரணில் ஏற்றியாயிற்று. காலி சூட்கேஸ் என்று ஒன்று வீட்டில் இல்லவே இல்லை.

எந்த முறையாக இருந்தாலும் ஈரத்தைக் கவனிக்காவிட்டால் பயனில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிச்சுவர் நனைந்து உள்ளே குளிரும். கூடைக்கும் சுவருக்கும் நடுவே ஓரங்குலமாவது விடுங்கள். 16 அங்குலக் கூடையை எடுத்ததே அதற்காகத்தான். வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணிநேரம் ஷட்டரைத் திறந்துவையுங்கள். கால்சியம் குளோரைடு உள்ள ஈரம் உறிஞ்சும் டப்பா நன்றாகவே வேலை செய்கிறது, அடித்தட்டில் மட்டும் வையுங்கள். கவிழ்ந்தால் அந்த உப்புநீர் துணியைக் கறையாக்கும்.

கடைசியாக, எல்லோரும் சொல்லும் வழி: இன்னொரு பீரோ வாங்கு. கோத்ரெஜ் 1923-ல் கொண்டுவந்த இரும்பு அலமாரியிலிருந்து இன்றைக்கு நம் ஊர்ப் பட்டறையில் அடிப்பது வரை, அளவு ஏறக்குறைய ஆறரை அடிக்கு மூன்றடி, 19 அங்குல ஆழம். பூட்டும் லாக்கரும் தேவை என்றால் அதற்கு மாற்று இல்லை, வாங்குங்கள். துணிக்கு மட்டும் என்றால் யோசியுங்கள். தரையில் நாலரை சதுர அடிக்கு மேல் போகும், கதவு திறக்க முன்னால் இன்னும் ஒன்றரை அடி காலியாக விட வேண்டும். எங்கள் அறையில் அதற்கு ஒரே ஒரு மூலைதான் இருந்தது. கம்பி ஸ்டாண்டும் கூடைகளும் வந்த பிறகு, அந்த மூலையில் மகளுக்குப் படிக்கும் மேசை போட்டோம்.