சிபிஆர் பயிற்சி பொம்மை: க்ளிக் சத்தம் ஓகே, நெஞ்சுதான் நிஜம் மாதிரி இல்லை

சிபிஆர், அதாவது இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தி, வாய்வழியே மூச்சு ஊதும் முதலுதவி, அதைச் சொல்லித்தரும் வகுப்புக்காக ஆன்லைனில் வாங்கிய பொம்மை இது. தலையும் நெஞ்சும் மட்டும்தான் இருக்கும், விலை குறைந்த ரகம், கம்பெனி பெயர் வேண்டாம். புதிதாகக் கற்பவர்களுக்குத் தாராளமாகப் போதும், ஆனால் மனித நெஞ்சும் இப்படித்தான் இருக்கும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

நெஞ்சை அழுத்தி அது 5 செ.மீ. இறங்கியதும் 'க்ளிக்' என்று தெளிவாகக் கேட்கிறது, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம் பிடிபட அந்தச் சத்தம் நன்றாகவே உதவுகிறது. தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்கினால்தான் காற்று உள்ளே போகிறது, அதுவும் சரி. முகத்தோல்தான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

சிக்கல் ஸ்பிரிங்கில்தான். கொடுக்கிற அழுத்தத்துக்கு ஏற்ப ஒரே சீராக இறங்குகிறது, கையை எடுத்தால் டக்கென்று மேலே வந்துவிடுகிறது. நமக்கோ மேல் ஏழு ஜோடி விலா எலும்புகள் நடுமார்பெலும்போடு சேரும் இடத்தில் குருத்தெலும்பு இருக்கிறது, அதுவும் விலாவும் சேர்ந்து வளைந்து கொடுப்பதால்தான் நெஞ்சு அவ்வளவு ஆழம் இறங்கவே முடிகிறது. முதலில் லேசாக இறங்கும், போகப் போக இறுகும், வேகமாக அழுத்தினால் எதிர்ப்பும் கூடும், ஏனென்றால் குருத்தெலும்பில் பாதிக்கு மேல் தண்ணீர், கொலாஜன் என்ற புரத நார் வலைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தண்ணீர் அவசரப்படுத்தினால் நகராது.

அப்புறம் வயது. சின்ன வயதில் நன்றாக வளையும் அதே குருத்தெலும்பு, வயதாக ஆகக் கால்சியம் படிந்து விறைத்துப்போகும். அதனால்தான் வயதானவர்களுக்கு சிபிஆர் செய்யும்போது விலா முறிவது சகஜம். கைக்குக் கீழே ஏதோ 'நறுக்' என்றால் கை வைத்த இடம் சரிதானா என்று பார்த்துக்கொண்டு தொடர வேண்டும், நிறுத்தவே கூடாது. வகுப்பில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் இந்தப் பொம்மையில் அதைக் காட்ட வழியே இல்லை. லேர்டால் நிறுவனத்தின் ரெசுசி ஆன் பொம்மைக்கு 30, 45, 60 கிலோ என்று மாற்றிப் போடும் ஸ்பிரிங்குகள் உண்டு, மெலிந்த நெஞ்சு, விறைத்த நெஞ்சு இரண்டையும் ஓரளவு காட்டிவிடலாம். விலைதான் எங்கேயோ இருக்கிறது.

க்ளிக்கை அணைத்து வைக்கும் வசதி இதில் இருப்பது பெரிய ஆறுதல். கை பழகியதும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் சத்தத்துக்காகத்தான் அழுத்துவார்கள்.

5க்கு 3 கொடுக்கலாம். வாங்குவதானால் ஊதும் காற்று போய்ச் சேரும் நுரையீரல் பைகளையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள், தனியாக வாங்கினால் பையைவிட டெலிவரி சார்ஜ் அதிகம்.