“ஆம்புட்ஸ்மேன் ஃபீஸ் 18,000”னு கேட்டா ஒரு பைசா கொடுக்காதீங்க

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இன்சூரன்ஸ் கிளெய்ம் தள்ளுபடியானவங்க இதைப் படிச்சிட்டு அடுத்த அடி வைங்க. (ஆம்புட்ஸ்மேன்னா இன்சூரன்ஸ் கம்பெனி மேல வர்ற புகாரை விசாரிக்கிற அதிகாரி.) “கிளெய்மை மீட்டுத் தர்றோம்”னு போர்டு மாட்டியிருக்கிற ஒரு கன்சல்டன்சியில எங்க வீட்டுக் காசு 18,000 ரூபாய் போயிருச்சு. பேரைப் போடல. போட்டா என் மேலயே கேஸ் போடுவான்.

அண்ணனுக்கு முடக்குவாதம் (மூட்டு நோய், டாக்டருங்க ஆர்.ஏ.ன்னு எழுதுவாங்க). ஆயுள் பாலிசியோட கூடுதலா எடுத்த ரைடர்ங்கிற பாதுகாப்புல நோயால வர்ற நிரந்தர ஊனத்துக்கும் பணம் உண்டு. (நிறைய ரைடர் விபத்துக்கு மட்டும்தான், அதை முதல்ல பாருங்க.) நோயை மறைச்சு பாலிசி எடுத்தீங்கன்னு கம்பெனி கைவிரிச்சிருச்சு. ஆதாரம்? டிஸ்சார்ஜ் சம்மரியில டூட்டி டாக்டர் போறபோக்குல கிறுக்கின ஒரு வரி: “கே/சி/ஓ ஆர்.ஏ., 6 வருஷம்”, அதாவது 6 வருஷமா தெரிஞ்ச ஆர்.ஏ. நோயாளின்னு. நோயைக் கண்டுபிடிச்சே 2 வருஷம்தான் ஆகுது. பாலிசி எடுத்து 4 வருஷம்.

அந்த கன்சல்டன்சி ஆள் ஃபைலைப் புரட்டினதுமே அந்த வரியைப் பென்சிலால சுழிச்சான். “ஆச்சி, இதை உடைச்சாப் போதும், பணம் வந்துரும்”னு அம்மாகிட்ட சொன்னான். சரியான வரியைத்தான் சுழிச்சான், வயித்தெரிச்சலே அதுதான். ஆம்புட்ஸ்மேன் ஃபீஸ்னு 18,000, ரொக்கமா. ஐந்தொகை எழுதிப் பழகின ஊர்ல துண்டுச்சீட்டுல கணக்கை முடிச்சிட்டான்.

அப்புறம் எல்லாம் சாக்குதான். “ஃபைல் சென்னைக்குப் போயிருச்சு.” “ஹியரிங் தேதி வரும்.” “ஆடி கழியட்டும்.” நேரா விசாரிச்சா அப்படி ஒரு புகாரே பதிவாகல. காசைக் கேட்டா, “அது சர்வீஸ் சார்ஜ், திரும்பாது.”

ஆம்புட்ஸ்மேன்கிட்ட போக ஃபீஸே கிடையாது. வக்கீலோ ஏஜென்டோ நமக்காக ஆஜராகவும் முடியாது. முதல்ல கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல புகார். ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ, வந்தது திருப்தி இல்லைன்னாலோ சென்னை ஆம்புட்ஸ்மேனுக்கு, ஆன்லைன்லயே போடலாம். 50 லட்சம் வரைக்கும் கேட்கலாம். அந்தக் குறைதீர் புகாரைக் கம்பெனி மறுத்த நாள்லேருந்து, பதிலே வரலைன்னா அந்த ஒரு மாசம் முடிஞ்சதுலேருந்து, ஒரு வருஷம்தான் கெடு. இவன் இழுத்தடிச்சதுல எங்களுக்குக் கரைஞ்சதும் அந்தக் கெடுதான், 18,000 மட்டுமில்ல.

காப்பீட்டுச் சட்டம் பிரிவு 45-ஐ அவன் வாயே திறக்கல. ஆயுள் பாலிசி 3 வருஷம் தாண்டிட்டா, மறைச்சீங்கன்னு சொல்லி கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது. ஆனா பாலிசி காலாவதியாகிப் புதுப்பிச்சிருந்தாலோ, ரைடரைப் பின்னாடி சேர்த்திருந்தாலோ, அந்தத் தேதியிலேருந்துதான் 3 வருஷம்.

என்னென்ன பேப்பர் வேணும்னு முழுசா எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. அவசரத்துக்கு இவ்வளவு: நோயை முதன்முதல்ல எப்போ கண்டுபிடிச்சதுன்னு தேதி போட்டு, பார்க்கிற டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்குங்க, முதல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் கூட வைங்க. யுடிஐடி கார்டுல (அரசு தர்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) ஊனம் 40 சதவீதம் இருந்தாப் போதும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. அது அரசுக் கணக்கு, பாலிசியில ஊனத்துக்கு இருக்கிற வரையறை வேற. ஒரிஜினல் எதையும் கைவிடாதீங்க. எங்க டிஸ்சார்ஜ் சம்மரி ஒரிஜினல் இன்னும் அவன் மேஜையிலதான் கிடக்கு, 18,000-ஐ வாங்கினவன் அதைக்கூடத் தர மாட்டேங்கிறான்.