கட்டியை மட்டும் எடுப்பதா, முழு மார்பையும் எடுப்பதா?

"முழுசா எடுத்தாத்தான் உயிர் தப்பும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஆரம்ப நிலை மார்புப் புற்றுநோய்க்கு அது பொருந்தாது. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களும் முழு மார்பை இழந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உயிர் பிழைத்ததை 2002இல் வெளியான 20 ஆண்டு ஆய்வுகள் காட்டின.

கட்டியை மட்டும் எடுத்தால் காயம் சிறிது, அலைச்சல் பெரிது. கதிர்ச்சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், 3 முதல் 5 வாரம். யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில் இருப்பவருக்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை பக்கந்தான். நெடுந்தீவுக்காரருக்கோ குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. தங்க ஓர் உறவினர் வீட்டை முன்பே பேசிவையுங்கள். சிகிச்சையை இடையில் விட்டால் அதே மார்பில் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடும். எடுத்த திசுவின் விளிம்பில் புற்றுக்கலங்கள் தெரிந்தால் மறுபடியும் சத்திரசிகிச்சை.

முழு மார்பை எடுத்தால் வடிகுழாயுடன் வீடு வரலாம். தினமும் ஒரே நேரத்தில், காயத்திலிருந்து அதில் வடியும் நீரை அளந்து கொப்பியில் எழுத ஒருவர் வேண்டும். 24 மணிநேரத்தில் 30 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் பொதுவாகக் கழற்றுவார்கள். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவியிருந்தால் இங்கும் கதிர் தேவைப்படலாம், இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. மார்பு பெரிதானவர்களுக்கு ஒரு பக்கப் பாரம் குறைந்து கழுத்து நோகும்; காயம் ஆறியபின் பாரமுள்ள செயற்கை மார்பு உதவும். வெறும் பஞ்சு வைத்தால் உள்ளாடை மேலேறும்.

அக்குள் முடிச்சுகளை அகற்றினால் கைவீக்க ஆபத்து இரண்டிலும் உண்டு. காயம் ஆறும்வரை கிணற்று வாளியை வேறு யாராவது இழுக்கட்டும்.